விழுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால்

2013-இல் வேலை தேடி சென்னைக்கு வந்தேன். தூத்துக்குடி மாவட்டத்தில் நாசரேத் பக்கம் எங்கள் ஊர். மூன்று தலைமுறையாக சபையில் இருக்கிற குடும்பம். பஸ் ஏறும்போது அம்மா ஒரு சின்ன வேதாகமத்தைக் கையில் கொடுத்து, "எய்யா, எவ்வளவு வேலை இருந்தாலும் ஜெபத்தை மட்டும் விட்டுராத" என்றார்கள். நான் விடவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜெபத்தை விட்டதால் நான் விழவில்லை. ஜெபம் பண்ணிக்கொண்டேதான் விழுந்துகொண்டிருந்தேன்.

வேளச்சேரியில் நாலு பேர் சேர்ந்து ஒரு வீடு எடுத்திருந்தோம். எனக்கு ஓஎம்ஆரில் இரவு ஷிஃப்ட், மற்ற மூவருக்கும் பகல் வேலை. கம்பெனி வண்டி விடியற்காலை மூன்றரைக்குத் தெருமுனையில் இறக்கிவிடும். அவர்கள் உள் அறையில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். எழுப்ப வேண்டாம் என்று நான் ஹாலில் பாய் விரித்துப் படுப்பேன். தூக்கம் உடனே வராது. கையில் ஃபோன் இருக்கும். அப்படித்தான் ஆபாசப் படங்கள் பார்க்கிற பழக்கம் என்னைப் பிடித்தது. முதலில் எப்போதாவது ஒரு நாள். ஒரு வருடம் கழித்து வாரத்தில் மூன்று நாள், நாலு நாள்.

பார்த்து முடித்ததும் அழுகை வரும். 51ஆம் சங்கீதத்தைத் திறந்து, "தேவனே, சுத்த இருதயத்தை என்னிலே சிருஷ்டியும்" என்று ஜெபிப்பேன். உண்மையாகவே ஜெபிப்பேன். ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போய் மறுபடியும் ஒப்புக்கொடுப்பேன். புதன்கிழமை விழுவேன். அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்து ஞாயிறுகளில் எழுந்து முன்னால் போகவும் பயம், போகாமல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கவும் பயம். பக்கத்தில் இருப்பவர் கவனிப்பாரே என்று சில தடவை எழுந்து போய் வாங்கியிருக்கிறேன். அந்த நாட்களின் பாரத்தை இப்போது நினைத்தாலும் நெஞ்சு அடைக்கிறது. இதே நிலையில் இருக்கிற ஒரு தம்பியோ தங்கையோ இதை வாசிக்கலாம். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நடுவில் ஒரு விஷயம் நடந்தது. அதன் அர்த்தம் அப்போது எனக்குப் புரியவில்லை. 2015 டிசம்பர் வெள்ளம். எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை. கீழ்வீட்டுக் குடும்பத்தையும் எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டோம். ஹாலில் ஆறு பேர் படுத்தோம். தண்ணீர் வடிந்ததும் சபையில் சாப்பாட்டுப் பொட்டலம் கட்டுகிற வேலைக்குப் போனேன். புளிசாதத்தை அள்ளி அள்ளி வலது கை மஞ்சளாகிவிட்டது. இரவு வந்து படுத்தால் கட்டை மாதிரித் தூக்கம். ஒன்பது நாள் அந்தப் பழக்கத்தின் நினைப்பே வரவில்லை. ஆண்டவர் என்னை விடுவித்துவிட்டார் என்றே நினைத்தேன். கரண்ட் வந்து, ஷிஃப்ட் ஆரம்பித்து, ஹாலில் மறுபடி தனியாகப் படுத்த மூன்றாம் நாள் பழையபடி ஆகிவிட்டது. அடுத்த வருடம் இலவச டேட்டா வந்தது. அதுவரை ஒரு ஜிபியை ஒரு மாதத்துக்கு இழுத்து ஓட்டிய எனக்கு, அந்தக் கடைசித் தடையும் போனது.

2017-இல், ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் ஒரு வெள்ளிக்கிழமை ஜெபம் முடிந்து எல்லோரும் போன பிறகும் நான் உட்கார்ந்திருந்தேன். சபையில் ஒரு அண்ணன் உண்டு. திருவல்லிக்கேணியில் ஒரு அச்சகத்தில் பைண்டிங் வேலை. பிரசங்கம் பண்ணுகிறவர் இல்லை. ஆராதனை முடிந்தால் நாற்காலிகளை அடுக்கிவைப்பார். அன்றைக்கும் அடுக்கிக்கொண்டிருந்தவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எதுவும் கேட்கவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் முகம் சுளிக்கவில்லை, வசனமும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, எத்தனை மணிக்கு விழுறே?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மூன்று வருடமாக எத்தனை தடவை விழுந்தேன் என்று கணக்கு வைத்து அழுதிருக்கிறேன். எப்போது விழுகிறேன் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் அவர் ஒரு சின்ன நோட்டு கொண்டுவந்து கொடுத்தார். அச்சகத்தில் வெட்டித் தள்ளிய கல்யாணப் பத்திரிகைத் துண்டுகளை உள்ளங்கை அளவுக்கு நறுக்கி, நடுவில் நூல் போட்டுத் தைத்திருந்தார். சில தாள்களின் ஓரத்தில் தங்க நிற மை அப்படியே இருந்தது. "விழுந்தா மணி எழுது. எங்க இருந்தேன்னு எழுது. அதுக்கு முன்னால ஒரு மணி நேரம் என்ன பண்ணிக்கிட்டு இருந்தேன்னு எழுது. விழாம தப்பிச்சா அதையும் எழுது. வேற எதுவும் எழுத வேண்டாம், உன்னைத் திட்டி ஒரு வரி கூட எழுதாதே" என்றார்.

ஆறு வாரம் எழுதினேன். விழுந்தது பதினோரு தடவை. அதில் ஒன்பது தடவை அதிகாலை மூன்றே முக்காலுக்கும் நாலரைக்கும் நடுவில். பதினோரு தடவையும் அதே ஹால், அதே பாய். ஏழு தடவை, இரவு ஒன்பது மணிக்குப் பிறகு டீயைத் தவிர வயிற்றில் எதுவும் இல்லை. நாலு தடவை, அதற்கு முன்பு டீம் லீடரிடம் திட்டு வாங்கியிருந்தேன், அல்லது தங்கச்சி கல்யாணக் கடன் பற்றி வீட்டிலிருந்து ஃபோன் வந்திருந்தது. நோட்டைப் பார்த்துவிட்டு அண்ணன் சொன்னார். "நீ நாலு மணிக்குச் சண்டை போடுறே. நாலு மணிக்கு உன்கிட்ட பலமே கிடையாது. மூணு மணிக்கு என்ன பண்ணலாம்னு பாரு."

நான் கற்றுக்கொண்டதெல்லாம் இந்த ஒரு பேச்சிலிருந்து கிளைத்ததுதான். 1 கொரிந்தியர் 10:13-இல் சோதனையோடுகூட "தப்பிக்கொள்ளும்படியான போக்கையும்" தேவன் உண்டாக்குவார் என்று இருக்கிறது. அந்தப் போக்கை நான் பாயில் படுத்துக்கொண்டு தேடினேன். அது பெரும்பாலும் பாய்க்குப் பக்கத்தில் இருப்பதில்லை. ஒரு மணி நேரத்துக்கு முன்னால், வாசலிலேயே, யாரும் கவனிக்காத சின்னக் கதவாக இருக்கிறது.

வேதாகமத்தை இந்தக் கண்ணோடு வாசித்தால் ஆச்சரியமாக இருக்கும். தாவீது விழுந்த கதையில், 2 சாமுவேல் 11-இல், காலமும் நேரமும் இடமும் எழுதியிருக்கிறது. ராஜாக்கள் யுத்தத்துக்குப் போகிற காலம், அவனோ எருசலேமிலேயே இருந்துவிட்டான். சாயங்காலம், படுக்கையிலிருந்து எழுந்து, அரமனை உப்பரிகையில் உலாத்துகிறான். அடுத்தவன் மனைவியான பத்சேபாளைப் பார்ப்பதற்கு முன்பே இத்தனையும் நடந்தாகிவிட்டது. இது அண்ணன் கொடுத்த நோட்டில் எழுதுகிற மாதிரிதான் இருக்கிறது.

யோசேப்பையும் பாருங்கள். எஜமானின் மனைவி கையில் வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடியதைத்தான் நாம் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம். அது ஆதியாகமம் 39:12. அதற்கு இரண்டு வசனம் முன்னால், அவள் நித்தம் நித்தம் பேசியும், அவன் அவளுடனே சயனிக்கவும் "அவளுடனே இருக்கவும்" சம்மதிக்கவில்லை என்று இருக்கிறது. பக்கத்தில் இருப்பதற்கே அவன் சம்மதிக்கவில்லை. தினமும் தூரத்தைக் கடைப்பிடித்தவனுக்குத்தான் வீட்டில் யாரும் இல்லாத அந்த ஒரு நாளில் ஓடக் கால் வந்தது. நான் இருக்கச் சம்மதித்துவிட்டு, சயனிக்க மாட்டேன் என்று சபதம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

சரி, மூன்று மணிக்கு என்ன செய்தேன் என்று சொல்கிறேன். வண்டி விஜயநகர் பஸ் நிலையத்தைத் தாண்டும்போதே ஃபோனை அணைத்துவிடுவேன். வீட்டுக்குப் போன பிறகு அணைக்கலாம் என்று விட்டால் அணைக்க மாட்டேன், அது எனக்குத் தெரியும். வீட்டுக்குள் போனதும் சத்தம் போடாமல் உள் அறைக்குப் போய், தூங்குகிற நண்பனின் தலைமாட்டில் இருக்கிற பிளக்கில் அதைச் சொருகிவிட்டு வருவேன். ஏன் என்று அவனிடம் முழுதாகச் சொல்லவில்லை. "தூக்கம் கெடுதுடா, உன் பக்கத்துல இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னேன். அதுவும் பொய்யில்லை. காலையில் எழும்ப அலாரம் வேண்டுமே என்று மனசு சாக்கு சொல்லும். அதற்காக பர்மா பஜார் பக்கம் பிளாட்பாரத்தில் 250 ரூபாய்க்குச் சாவி கொடுக்கிற மேஜைக் கடிகாரம் ஒன்று வாங்கினேன். அந்தச் சாக்கும் போனது.

அப்புறம் சாப்பாடு. இதைச் சொன்னால் சிலருக்கு ஆவிக்குரிய விஷயமாகத் தெரியாது. இரவு மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடிவைக்கச் சொல்லி நண்பர்களிடம் கேட்டுக்கொண்டேன். வந்ததும் கை கால் கழுவி, பழைய சோறும் நாலு சின்ன வெங்காயமும் சாப்பிட்டால் இருபது நிமிடத்தில் கண் சொருகும். 1 இராஜாக்கள் 19-இல் எலியா சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்துவிட்டான். தூதன் வந்து அவனைத் தட்டி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. அவன் சாப்பிட்டான், தூங்கினான், மறுபடி சாப்பிட்டான். தேவன் அவனோடு பேசியது அதற்குப் பிறகுதான். களைத்துப்போனவனுக்குத் தேவன் முதலில் கொடுத்தது சாப்பாடும் தூக்கமும். பசியும் தூக்கமின்மையும் தனிமையும் பாவமில்லை. ஆனால் அவை மூன்றும் ஒன்று சேருகிற மணி எது என்று தெரிந்து வைத்துக்கொள்ளாமல் பரிசுத்தத்துக்காக ஜெபிப்பது, கூரை ஒழுகுகிற வீட்டில் தரையை மட்டும் துடைத்துக்கொண்டிருப்பது மாதிரி.

இதையெல்லாம் செய்ததும் ஒரே நாளில் நின்றுவிடவில்லை. ஆனால் அடுத்த ஆறு வாரத்தில் பதினொன்று மூன்றாகக் குறைந்தது. அதன் பிறகுதான் பெரிய முடிவை எடுக்கத் தைரியம் வந்தது. இரவு வேலையை விட்டுவிட்டு, மந்தைவெளியில் ஒரு கணக்கு அலுவலகத்தில் பகல் வேலைக்குச் சேர்ந்தேன். சம்பளம் மாதம் 6,000 ரூபாய் குறைவு. வீட்டில் கடன் இருந்த நேரம். அப்பாவிடம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். வலது கண் இடறல் உண்டாக்கினால் பிடுங்கி எறிந்துபோடு என்று மத்தேயு 5:29-இல் இயேசு சொல்வது, எனக்கு அந்த 6,000 ரூபாய்தான் என்று எடுத்துக்கொண்டேன். எல்லோரும் வேலையை விட வேண்டும் என்று சொல்ல மாட்டேன். இரவு ஷிஃப்டில் சுத்தமாக வாழ்கிற எத்தனையோ விசுவாசிகளை எனக்குத் தெரியும். உங்கள் நோட்டு என்ன சொல்கிறதோ அதைச் செய்யுங்கள்.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். வாலிபர் கூட்டங்களில் இந்த விஷயம் வந்தாலே பெண்களின் உடையில் போய் நிற்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. இயேசு "உன் கண்" என்றுதான் சொன்னார். அவள் முகத்தை மூடட்டும் என்று அவர் சொல்லவில்லை. ரயிலில் எதிரே உட்கார்ந்திருக்கிற பெண் ஒரு வீட்டின் மகள், அசதியோடு வேலைக்குப் போகிறவள். அவளைச் சகோதரியாகப் பார்க்கப் பழகுவது என் வேலை. இந்தப் போராட்டம் பெண்களுக்கும் உண்டு. ஆண்களுக்கு மட்டும்தான் என்கிற மாதிரிப் பேசிப் பேசி, அவர்கள் வாய் திறக்கவே வழியில்லாமல் செய்துவிட்டோம்.

வேளச்சேரியிலிருந்து மந்தைவெளி வரை பறக்கும் ரயிலில் போவேன். அந்தப் பயணத்தில் வசனம் மனப்பாடம் பண்ண ஆரம்பித்தேன். 119ஆம் சங்கீதத்தில் 176 வசனம். எட்டெட்டாக 22 பகுதி. "வாலிபன் தன் வழியை எதினால் சுத்தம்பண்ணுவான்?" என்று ஆரம்பிக்கிற இரண்டாவது பகுதி 9 முதல் 16 வரை. வேளச்சேரியில் ஏறினால் பெருங்குடி, தரமணி, திருவான்மியூர், இந்திரா நகர், கஸ்தூரிபா நகர், கோட்டூர்புரம், பசுமைவழிச் சாலை, மந்தைவெளி. சரியாக எட்டு நிறுத்தம், நிறுத்தத்துக்கு ஒரு வசனம். தரமணியை விட்டு ரயில் கிளம்பும்போது, "நான் உமக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்யாதபடிக்கு, உமது வாக்கை என் இருதயத்தில் வைத்துவைத்தேன்." கோட்டூர்புரம் தாண்டி அடையாற்றின் மேல் போகும்போது, "உமது கட்டளைகளைத் தியானித்து, உமது வழிகளைக் கண்ணோக்குகிறேன்." ஜன்னல் வழியே ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொல்வேன். இரண்டு வாரத்தில் எட்டும் நாக்கில் வந்துவிட்டது. மற்றப் பகுதிகளையும் அதே தண்டவாளத்தில் ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். இதனால் என்ன பயன் என்றால், இரவில் படுக்கும்போது மனசுக்கு நினைக்க ஏதோ ஒன்று இருந்தது. "நினைக்காதே, நினைக்காதே" என்று சொல்லி மனசைக் காலியாக வைக்க முடியாது. அசுத்த ஆவி திரும்பி வந்து பார்த்த வீடு பெருக்கி ஜோடிக்கப்பட்டுத்தான் இருந்தது, ஆனால் வெறுமையாக இருந்தது என்று மத்தேயு 12:44 சொல்கிறது. வெள்ளத்தின்போது அந்த ஒன்பது நாள் ஏன் விழவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. என் வீடு அப்போது ஆட்களாலும் புளிசாதத்தாலும் நிறைந்திருந்தது.

இன்னொன்றும் தெளிவாக வேண்டியிருந்தது. கெட்ட நினைப்பு ஒன்று வந்தாலே பாவம் செய்துவிட்டேன் என்று இடிந்துபோவேன். "இனி என்ன, விழுந்தாச்சு" என்று அதே வேகத்தில் முழுவதுமாக விழுவேன். எபிரெயர் 4:15 இயேசு எல்லா விதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டும் பாவமில்லாதவர் என்கிறது. அப்படியானால் சோதிக்கப்படுவது பாவமில்லை. நினைப்பு வந்து கதவைத் தட்டும். உட்காரப் பாய் விரித்துக் கொடுப்பதா வேண்டாமா என்பதுதான் என் கையில் இருக்கிறது. இது புரிந்த பிறகு, நினைப்பு வந்த நொடியிலேயே, "ஆண்டவரே, இதோ வந்திருக்கிறது" என்று சாதாரணமாகச் சொல்லப் பழகினேன். மூன்று வார்த்தைதான். கண்ணை மூடி முழங்கால் போட நேரம் கிடைக்காத இடத்தில் அது எத்தனையோ தடவை என்னைக் காப்பாற்றியிருக்கிறது.

யாரிடமாவது சொல்லுங்கள் என்று சொல்லும்போது ஒரு எச்சரிக்கையும் வேண்டும். "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு" என்று யாக்கோபு 5:16-இல் இருக்கிறது என்பதற்காக வாலிபர் ஐக்கியத்தின் வாட்ஸ்அப் குழுவில் கொட்டிவிடக் கூடாது. ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். வயதில் மூத்தவராக இருக்கட்டும். மற்றவர்களின் ரகசியத்தை உங்களிடம் சொல்லாதவரா என்று முதலில் பாருங்கள். இன்னொருவருடைய கதையை "ஜெபக் குறிப்பு" என்று சொல்லி உங்களிடம் கொண்டுவருகிறவர், உங்கள் கதையையும் அப்படியே கொண்டுபோவார். எங்கள் அண்ணனிடம் எத்தனை பேர் அழுதிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு பெயர்கூட அவர் வாயிலிருந்து வந்ததில்லை. வேலையும் தூக்கமும் குடும்பமும் கெடுகிற அளவுக்குப் பழக்கம் பிடித்திருந்தால் நல்ல மனநல ஆலோசகரிடமும் போங்கள், அது விசுவாசக் குறைவு ஆகாது. சின்ன வயதில் யாராவது உங்களுக்குத் தீங்கு செய்து, அந்தக் காயத்தில் இது ஆரம்பித்திருந்தால், அவர் செய்தது உங்கள் பாவமே இல்லை. அதை நீங்கள் சுமக்க வேண்டாம்.

2019-இல் எனக்குக் கல்யாணம். நிச்சயத்துக்கு முன்பே அவளிடம் சொல்லிவிடு என்றார் அண்ணன். விவரம் எதுவும் வேண்டாம், போராட்டம் இருந்தது, இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று மட்டும் சொன்னால் போதும் என்றார். சாந்தோம் கடற்கரையில் இரண்டு வீட்டாரும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருக்க, கை நடுங்க நடுங்கச் சொன்னேன். அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "மறுபடி வந்தா எனக்குச் சொல்வீங்களா?" என்றாள். சொல்வேன் என்றேன்.

வந்தது. கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள். 2020 ஊரடங்கில் அவள் பிரசவத்துக்காக ஊரில் இருந்தாள். எனக்கு வீட்டிலிருந்தே வேலை. நாளெல்லாம் லேப்டாப், பக்கத்தில் யாரும் இல்லை. மூன்று வருடத்துக்குப் பிறகு ஒரு மத்தியானம் விழுந்தேன். அடுத்த நாளும் விழுந்தேன். மூன்று வருடமும் வீணாகிவிட்டது என்று தோன்றியதே, அந்த நினைப்புதான் விழுந்ததை விட ஆபத்தாக இருந்தது. அண்ணனுக்கு ஃபோன் போட்டேன். "நீதிமான் எத்தனை தரம் விழுவான்னு போட்டிருக்கு?" என்று கேட்டார். ஏழு தரம் என்றேன். நீதிமொழிகள் 24:16. "விழுந்தவனைத்தான் அங்க நீதிமான்னு எழுதியிருக்கு. சரி, எத்தனை மணி?" மத்தியானம் இரண்டரை. "அப்ப இரண்டு மணிக்கு எனக்கு வீடியோ கால் போடு. நான் பைண்டிங் பண்றேன், நீ உன் வேலையைப் பாரு. பேச வேண்டாம்."

இரண்டு மாதம் அப்படியே செய்தோம். அச்சகம் மூடியிருந்ததால் அவர் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து, சபைப் பிள்ளைகளின் பழைய பாட்டுப் புத்தகங்களைத் தைத்துக்கொண்டிருப்பார். ஊசி தாளுக்குள் போய் நூலை இழுக்கிற சத்தம் மட்டும் கேட்கும். 2 தீமோத்தேயு 2:22-இல் "பாலியத்துக்குரிய இச்சைகளுக்கு நீ விலகியோடி" என்ற பாதியைத்தான் நான் மனப்பாடம் பண்ணியிருந்தேன். "சுத்த இருதயத்தோடே கர்த்தரைத் தொழுதுகொள்ளுகிறவர்களுடனே" என்று அந்த வசனம் தொடர்கிறது. தனியாக ஓடச் சொல்லவில்லை. மனைவியிடமும் அந்த வாரமே சொன்னேன். ஃபோனில் அழுதாள். அந்த அழுகையை நான் கேட்க வேண்டியிருந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தபோது என் கையைப் பிடித்து ஜெபித்தாள்.

இப்போது இரவு பத்து மணிக்கு எங்கள் வீட்டில் இரண்டு ஃபோனும் சமையல்கட்டு மேடையில், தண்ணீர் கேன் பக்கத்தில் போய்விடும். லேப்டாப் ஹாலில், திரை வாசலைப் பார்த்தபடி இருக்கும். பர்மா பஜார் கடிகாரம் இன்னும் ஓடுகிறது. அதற்குச் சாவி கொடுப்பது மகளின் வேலை. பன்னிரண்டு சுற்று, எண்ணிக்கொண்டே கொடுப்பாள். போன வாரம், "ஏம்ப்பா, ஃபோன்லயே அலாரம் வைக்கலாம்ல?" என்று கேட்டாள். பெரியவளானதும் சொல்கிறேன் என்றேன். சரி என்று எட்டிலிருந்து விட்ட எண்ணிக்கையைத் தொடர்ந்தாள்.